வெள்ளைக் குட்டியின் மேல்திசை

அந்த வீட்டில் தலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அப்படியொரு விதி இருப்பதாக நேசமலருக்கு எவரும் சொல்லித் தரவில்லை. திருமணமாகி மன்னாரிலிருந்து ஜெர்மனியின் பீலெஃபெல்டுக்கு வந்த தொடக்க நாட்களில் ஒருநாள் அவள் கணவன் கொட்வினோடு நிலவறைக்கு இறங்கினாள். சுவரை மறைத்து அடுக்கடுக்காக நின்ற பிளாஸ்டிக் பெட்டிகளில் ஒன்றை அவன் மேசை லாச்சியை இழுப்பதைப் போல இழுத்தான். உள்ளே கிடந்த பொன்னிறப் பாம்பு தலையைத் தூக்கியது. எதையோ மறந்துவிட்டு நினைவுக்குக் கொண்டுவர முயல்வதைப் போல அதை மெல்ல வலப்புறம் சாய்த்தது. சாய்த்து, மேலும் சாய்த்து, தாடை மேலாகவும் உச்சி கீழாகவும் வரும்வரை முறுக்கியது.

"இதுக்கென்ன, தலை..." என்று அவள் தொடங்கினாள்.

கொட்வின் பெட்டியைத் தள்ளி மூடினான். "நல்ல வடிவான நிறம், என்ன?" என்றான்.

பின்னால் நின்ற அவனுடைய தமையன் றெஜினோல்ட் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பிள்ளை, மேல தேத்தண்ணி ஆறப்போகுது."

அவ்வளவுதான். விதி அவளுக்கு விளங்கிவிட்டது.

காரணங்கள் பிறகு விளங்கின. அந்தப் பொன்னிற உடலில் சிலந்தி இழைத்ததைப் போன்ற மெல்லிய கறுப்புக் கோடுகளை வரைந்த மரபணுவே அதன் தலையையும் ஆட்டியது. ஒன்றை ஏற்று மற்றதை மறுக்க வழியில்லை. 'ஸ்பைடர்' என்று வளர்ப்பவர்கள் அழைத்த அந்த வகையை விற்பவரும் அறிவார், வாங்குபவரும் அறிவார். நோயோடு பிறக்கும் என்று தெரிந்தும் விலங்கை இனம்பெருக்குவதை இந்த நாட்டின் சட்டம் தடுக்கிறது என்பதையும் இருவரும் அறிவார்கள். எனவே பாம்புகளை வளர்த்து விற்ற அண்ணனும் தம்பியும் சந்தையில் பாம்பைக் கையில் சுற்றி, அதன் தலை விரல்களுக்குள் மறையும்படி பிடித்துக்கொண்டு நிறத்தை மட்டுமே பேசினார்கள். எதிரே நிற்பவரும் நிறத்தை மட்டுமே பார்த்தார். இன்னொரு காரணமும் இருந்தது. பதற்றம் கூடினால் ஆட்டம் கூடும். பேசாமல், அசையாமல், பார்க்காதவர்களைப் போல நின்றால் அந்தத் தலை சிறிது நேரத்துக்காவது நேராக நிற்கும்.

விதி பாம்புகளுக்கு மட்டுமே உரியது என்று இந்த மார்கழி வரை நேசமலர் நினைத்திருந்தாள்.

முதலில் மாறியது வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்த இயேசுவின் திருஇருதயப் படம். பின்னேரம் நான்கு மணிக்கே ஜன்னல் கண்ணாடிகளில் இருள் ஒட்டிக்கொள்ளும் நாட்கள் அவை. தெருவில் ட்ராம் திரும்பும்போது எழும் இரும்பின் முனகலும், நிலவறைப் படிக்கட்டு வழியே ஏறிவரும், பாம்புப் பெட்டிகளில் பரப்பிய ஈரத் தென்னந்தும்பின் மணமும், பாம்புகளின் இரைக்காக வெந்நீரில் உருகும் உறைந்த எலிகளின் மெல்லிய இனிப்பு நாற்றமும் வீட்டை நிறைத்திருக்கும். மூன்று மாதக் குழந்தை அன்னாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நடந்தவள், படம் வலப்புறமாகச் சற்றே சரிந்திருப்பதைக் கண்டு நிமிர்த்தினாள். மறுநாளும் சரிந்திருந்தது, மறுபடி நிமிர்த்தினாள். அதற்கடுத்த நாள் கொட்வின் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே படத்தின் அருகில் சென்று, இரு விரல்களால் அதன் மூலையைத் தொட்டு வலப்புறம் சரிப்பதை அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

அவன் இரண்டடி பின்வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, திருப்தியோடு தலையசைத்தான்.

"இஞ்சருங்கோ, அது சரிஞ்சிருக்கு."

"இல்லை. இப்பதான் நேர்."

கொட்வின் வீடுகளில் சமையலறை அலுமாரிகள் பொருத்துகிற வேலைக்காரன். ஒரு மயிரிழைச் சரிவையும் கண்ணாலேயே கண்டுபிடிப்பான் என்பது அவனுடைய பெருமை. அவன் குளிக்கப் போன பிறகு அவள் அவனுடைய கருவிப் பையிலிருந்த ரசமட்டத்தை எடுத்துப் படத்தின் மேற்சட்டத்தில் வைத்தாள். பச்சை நீருக்குள் குமிழி ஒரு முனைக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. படத்தை நிமிர்த்தினாள், குமிழி நடுவுக்கு வந்தது. தன் கண் பொய் சொல்லவில்லை என்பது உறுதியானபோது அவளுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குளியலறையில் தண்ணீர் விழும் ஓசை ஒரே சீராக இல்லாமல், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்கும் ஒருவனின் தோளில் பட்டுத் தெறிப்பதைப் போல, ஒரு பக்கமாகக் கேட்டது.

அந்த வாரத்தில் வேலைத்தலத்திலிருந்து கொட்வினுக்கு முறைப்பாடு வந்தது. அவன் பொருத்திய அலுமாரிகளின் கதவுகள் தாமாகத் திறந்துகொள்கின்றனவாம். "சுவர் பிழை" என்றான் அவன்.

அன்னா பிறந்த வாரத்திலேயே நிலவறையில் வெள்ளைப் பாம்புக் குட்டியும் முட்டையிலிருந்து பொரித்தது. நேசமலர் எவ்வளவு விலக்கிப் பார்த்தும் அந்த இரண்டு பிறப்புகளும் அவள் நினைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வந்தன.

சகோதரர்கள் பல ஆண்டுகளாக முயன்ற கலப்பு அது. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சிறிய ஆபிரிக்க மலைப்பாம்பில் ஒரு ஸ்பைடர் ஆணை எடுத்து, மன்னாரில் வெங்கிணாந்தி என்பார்களே, அந்த ஊர் மலைப்பாம்பின் பெரிய உறவான பர்மா மலைப்பாம்போடு சேர்த்தார்கள். பிறந்தவற்றில் சிலந்திக் கோடு விழுந்த பெண் ஒன்றை வளர்த்து, அதைத் தகப்பனோடேயே மறுபடி சேர்த்தார்கள். நிறத்தைக் கூட்டுவதற்கு அவர்களுடைய தொழிலில் அதுதான் வழக்கம். அந்தப் பெண் முட்டைகள் இட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை ஓயாமல் பெய்து குளிர்ந்திருந்த கோடைநாளில், அடைகாக்கும் பெட்டியின் வெப்பக்கட்டுப்பாடு செத்துப்போனது. கடைகள் எல்லாம் பூட்டு. கொட்வின் முட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடிவந்தான்.

"உமக்கு இப்ப உடம்புச் சூடு கூட. வயித்தோட அணைச்சு வைச்சிரும். ஆனா ஆட்டக்கூடாது, நேசம். உருளக்கூடாது."

பாம்பின் முட்டை இட்ட நிலையிலேயே கிடக்க வேண்டும். உருண்டால் உள்ளே இருக்கும் உயிர் தன் பாரத்திலேயே மூழ்கிப்போகும். அதற்காக ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் அவன் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தான். மேல் எது என்று சொல்லும் கோடு. நிறைமாத வயிற்றின் மீது பெட்டியை அணைத்து, போர்வையால் மூடிக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டபடி நேசமலர் அந்தப் பகலெல்லாம் அசையாமல் இருந்தாள். மாலையில் வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது. பெட்டி துள்ளியது. ஓரத்தில் இருந்த ஒரு முட்டை மெல்லப் புரண்டு, கோடு அடிப்பக்கம் போய் மறைந்தது.

அவள் உடனேயே கணவனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் முட்டையைத் திருப்பி வைக்கவில்லை, தோளைக் குலுக்கினான். "அது எப்பிடியும் வாழாது. விடும்."

அதுதான் வெள்ளையாகப் பொரித்தது.

உருளாவிட்டாலும் அது ஏன் வாழ்ந்திருக்க முடியாது என்பதைச் சந்திரமௌலி வந்தபோது விளக்கினான். தமிழ்நாட்டிலிருந்து டிரெஸ்டனுக்கு வந்து, ஊர்வனவற்றின் உட்காது எப்படி உருவாகிறது என்று ஆராய்கிற இளைஞன் அவன். இணையத்தில் சகோதரர்களின் படங்களைப் பார்த்துத் தொடர்புகொண்டு, பாம்புகள் கழற்றிய சட்டைகளைப் பரிசோதனைக்கு எடுத்துப் போக ரயிலேறி வந்திருந்தான். ஒல்லியான கழுத்து. வட்டக் கண்ணாடி. வந்த முதல் நாள் அந்தக் கண்ணாடி அவன் மூக்கின் மீது நூல் பிடித்ததைப் போல நேராக நின்றது நேசமலருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"உட்காதுக்குள்ள ஒரு பை இருக்குங்க. அதுதான் மேல எது, கீழ எதுன்னு மூளைக்குச் சொல்லும். ஸ்பைடர்ல அந்தப் பை சரியா உருவாகாது. பாவம், அதுங்க மேல்பக்கத்தைத் தேடிக்கிட்டே இருக்கும். அதனாலதான் அந்த..." அவன் சகோதரர்கள் இருவர் முகங்களையும் பார்த்து நிறுத்திக்கொண்டான். விதி அவனுக்கும் அவ்வளவு விரைவில் விளங்கிவிட்டது. "அப்பா கிட்டேந்து ஒரு காப்பி, அம்மா கிட்டேந்து ஒரு காப்பின்னு அந்த ஜீன் ரெண்டா வந்துட்டா, முட்டையை விட்டு வெளியவே வராது. எங்கயும் வந்ததில்ல. நிறத்தைப் பாத்தா இதுக்கு ரெண்டும் வந்திருக்கு, ஆனா எப்படி வெளிய வந்துச்சுன்னு எனக்குப் புரியல."

"தம்பி, வந்திட்டுது," என்றார் றெஜினோல்ட். "இனித் திருப்பி உள்ள தள்ளேலாது."

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது சிரிக்க முடிந்தது.

வெள்ளைக் குட்டி மற்றவற்றைப் போலத் தலையை ஆட்டுவதில்லை. கோடும் புள்ளியும் இல்லாத பால்வெள்ளை உடல், நீர்த்த நீலக் கண்கள். அடித்தட்டு மூலைப் பெட்டியில் அது மல்லாந்து கிடக்கும். தலையை முழுதாகத் திருப்பி, உச்சியைத் தரையில் பதித்து, தாடையை மேலே காட்டி, நடுக்கமோ தேடலோ இல்லாமல் அப்படியே இருக்கும். கொட்வின் பலமுறை நிமிர்த்தி வைத்தான். அது அவசரப்படாமல் திரும்பிக்கொண்டது. மற்றப் பாம்புகள் மேல்திசையைத் தேடிக்கொண்டிருந்தன. இதற்குத் தேடல் இல்லை. மேல் எது என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை.

அன்னா பால் குடித்து முடித்ததும் தலையைப் பின்னுக்குத் தள்ளி வலப்புறம் சாய்க்கத் தொடங்கியதை நேசமலர் முதலில் பொருட்படுத்தவில்லை. மன்னாருக்குத் தொலைபேசியில் சொன்னால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்: மூன்று மாதப் பிள்ளைக்குக் கழுத்து நிற்குமா? ஆனால் இது கழுத்து நிற்காத பிள்ளையின் துவளல் அல்ல. அதில் ஒரு பொறுமை இருந்தது. நிமிர்த்திவிட்டால் அவள் கையை விலக்கும்வரை காத்திருந்து, பிறகு அதே பக்கம், அதே கோணம், அதே நிதானத்தில் சாய்ந்தது. பாலூட்டிப் பாலூட்டி நேசமலருக்கே காதிலிருந்து தோள்வரை ஒரு வலி இறங்கியிருந்தது. இரவில் சுடுநீர்ப் பையை வைத்துக்கொண்டு படுத்தாள்.

குழந்தை வைத்தியரைப் பார்க்க ரெர்மின் என்கிற முன்பதிவு எடுத்துக் கொட்வினோடு போனாள். மொழி வகுப்பைப் பிள்ளை பிறக்கும் முன்பே நிறுத்தியிருந்தாள். விசா கணவனுடைய பெயரில் நின்றது. வாயும் அவனுடையதாகவே இருந்தது.

"பால் குடிச்சிட்டு தலையை வலப்பக்கம் சாய்ச்சுக்கொண்டே போறாள் எண்டு சொல்லுங்கோ. நேராக்கினாலும் திரும்பச் சாயுறாள் எண்டும் சொல்லுங்கோ."

கொட்வின் ஜெர்மன் மொழியில் நீளமாக, அமைதியாகப் பேசினான். தலைக்கு அங்கே என்ன சொல் என்பது நேசமலருக்குத் தெரியும். வகுப்பின் முதல் வாரத்திலேயே படித்தது. கொப்ஃப். அவள் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. வயிற்றைக் குறிக்கும் சொல் வந்தது. மறுபடியும் அதுவே வந்தது. வைத்தியர் சிரித்துக்கொண்டே அன்னாவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்துப் பிடித்தார்.

அன்னா தலையை நேராக வைத்திருந்தாள்.

அசையாமல், கண்சிமிட்டாமல் வைத்திருந்தாள். அந்தப் பிஞ்சுக் கழுத்தின் இருபுறமும் நூல்களைப் போல நரம்புகள் புடைத்து நடுங்கின. உதடுகள் இறுகியிருந்தன. மூன்று மாதக் குழந்தையிடம் காணக்கூடாத ஒன்று அந்த முகத்தில் இருந்தது: முயற்சி. "ஷ்டார்க்," என்று வைத்தியர் மெச்சினார். பலசாலி. அந்தச் சொல்லும் நேசமலருக்குத் தெரிந்திருந்தது. வாயுவுக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து வண்டியின் இருக்கையில் பட்டியைப் பூட்டிய அந்தக் கணமே அன்னா பெருமூச்சு விட்டாள். தலை சாய்ந்தது.

"ஏன் சொல்லேல்லை?" என்று நேசமலர் கேட்டாள்.

"எதை?" என்றான் கொட்வின். அவன் கண்ணாடியைத் திருத்திக்கொண்டிருந்தான். பின்னால் வருவதைக் காட்டும் அந்தக் கண்ணாடியில் பின்வீதி தெரியவில்லை. வானம் தெரிந்தது.

அந்த வாரத்தில் ஒரு பின்னேரம் கொட்வின் வேலைத்தலத்திலிருந்து கூப்பிட்டான். நிலவறையில் வெப்பம் இறங்குகிறது என்று கைபேசி எச்சரிக்கிறதாம். தான் வரச் சுணங்குமாம். றெஜி அண்ணையும் வேலையில். "ஒருக்கா இறங்கிப் பாரும். பிளக் கழண்டிருக்கும்."

அன்னாவைத் துணியால் மார்போடு கட்டிக்கொண்டு அவள் படியிறங்கினாள். கீழே வரவர மேலிருந்த வீட்டின் ஓசைகள் ஒவ்வொன்றாக அறுந்தன. குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம், குழாயின் சொட்டு, தெருவின் ட்ராம். பிறகு நிலவறைக்கே உரிய ஓசைகள் வந்தன. வெப்பப் பட்டிகள் சூடேறி ஆறும் சின்னச் சொடுக்குகள். ஈரத் தும்பில் பாரமான ஒன்று தன்னைத்தானே சுற்றி இறுக்கிக்கொள்ளும் சரசரப்பு. அந்தச் சரசரப்பு எப்போதும் அங்குமிங்குமாகவே எழும். ஒன்று அடங்க இன்னொன்று தொடங்கும். அன்று அது ஒரே தடவையில் எழுந்தது. எல்லாப் பெட்டிகளிலும். ஒரே தடவையில் நின்றது.

சுவிட்சைத் தட்டினாள். மங்கிய பெட்டி முகப்புகளுக்குப் பின்னால் நிழல்கள். ஒவ்வொரு முகப்பிலும் ஒரு தலை. முன்பு ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஆட்டம் ஆடும். ஒன்று எழுதுவதைப் போல, ஒன்று மறுப்பதைப் போல. இப்போது ஆட்டம் இல்லை. எல்லாம் வலப்புறம் சாய்ந்து, அதே கோணத்தில், அசையாமல் நின்றன. ஸ்பைடர்கள் மட்டுமல்ல. அந்த மரபணு இல்லாத சாதாரணக் கபில நிறத்தவையும். எதிர்ச் சுவரின் பெரிய கண்ணாடிக் கூண்டுக்குள், எந்தக் கலப்பும் இல்லாத பர்மா மலைப்பாம்பும் தன் கனத்த தலையைத் திருப்பி, தாடையைக் கண்ணாடியில் பதித்திருந்தது.

பிளக் கழன்றிருக்கவில்லை.

அடித்தட்டு மூலைப் பெட்டி கையளவு திறந்திருந்தது.

வெள்ளைக் குட்டி அங்கேயே இருந்தது. மல்லாந்து. உச்சி தரையில். நீலக் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவள் மார்பைப் பார்த்தன. துணிக்குள் அன்னா மெல்ல நெளிந்தாள். அவள் உச்சந்தலை நேசமலரின் நெஞ்சில் உரசிக்கொண்டு, வட்டமாக, கீழ்நோக்கித் திரும்பியது. நேசமலர் கையால் பிடித்தாள். பிடித்த கைக்கு எதிராக அது திரும்பியது. பிள்ளையின் பலம் அல்ல அது.

ஓடினாள். படி இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இருந்தது. தோள் மோதியது. சுவரைப் பிடித்து ஏறினாள். தரையில் ஊர்வதைப் போலச் சுவரில் கை வைத்து. மேலே வந்து கதவைச் சாத்தி, அதில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றபோதுதான், வீடு நேராகியது. கிட்டத்தட்ட.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே நம்பிக்கைதான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை முடிவுகளோடு சந்திரமௌலி வருகிறான். வெளியாள். படித்தவன். உட்காதைத் தெரிந்தவன். அவனுக்கு ஜெர்மன் வரும், ஆங்கிலம் வரும். வைத்தியரிடம் கொட்வின் விட்டுவிட்ட சொல்லை அவன் சொல்லலாம். அவன் முன்னால், எல்லார் முன்னாலும், வாயைத் திறந்துவிட வேண்டும். இன்னும் நேரமிருக்கிறது, பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் இதை நிறுத்தலாம் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லும்போதெல்லாம் கழுத்து வலித்தது.

ஞாயிறு மதியப் பூசைக்குப் போய்வந்து றெஜினோல்ட் பின்னேரத் தேத்தண்ணிக்கு மேசை விரித்தார். முதியோர் இல்லமொன்றில் சமைக்கிறவர், மனைவியை இழந்தவர்; மேல்மாடியில் இருந்துகொண்டு தம்பி வீட்டில் சாப்பிடுகிறவர். ரோல்ஸ் பொரித்திருந்தார், கேக் வெட்டியிருந்தார். மேசை நடுவில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்கால வளையத்தின் மெழுகுவர்த்திகள் எரிந்தன. ஜன்னலுக்கு வெளியே இருள் ஏற்கெனவே நிறைந்திருந்தது. அன்னா தகப்பனின் மடியில், அவன் உள்ளங்கை அவள் தாடையைத் தாங்கியிருக்க, நேராக உட்கார்ந்திருந்தாள்.

"எடும் தம்பி, வெக்கப்படாதையும்," என்றார் றெஜினோல்ட். "டிரெஸ்டனில உங்களுக்குச் சோறு போடுறதில்லையோ? கழுத்து நூலாப் போச்சு."

கழுத்து என்ற சொல் தலைக்கு மிக அருகில் வந்துவிட்டது. றெஜினோல்ட் அவசரமாகத் தேத்தண்ணியை ஊற்றினார்.

"ரிசல்ட் வந்துடுச்சு," என்றான் சந்திரமௌலி. "வெள்ளைல ரெண்டு காப்பி இருக்கு. நிச்சயம். மத்ததுல, நீங்க சந்தேகப்பட்டு அப்புறமா தபால்ல அனுப்புனீங்களே, அந்தச் சட்டைங்க எதுலயும் அந்த ஜீனே இல்ல. பர்மால சுத்தமா இல்ல. ஜீன் இல்லாம அதுங்களுக்கு எப்படி..." அவன் நிறுத்தினான். கண்ணாடியைத் தள்ளி நேராக்கினான். "டெஸ்ட்டைத் திரும்பப் பண்ணிப் பாக்கணும்."

கண்ணாடி மறுபடி சரிந்தது. அவன் மறுபடி நேராக்கினான். நேசமலர் பார்த்துக்கொண்டே இருந்தாள். சரிந்தது கண்ணாடி அல்ல. கண்ணாடி அவன் காதுகளில் சரியாகத்தான் நின்றது.

வெளியாள் என்று ஒருவன் இனி இல்லை.

அப்படியும் அவள் எழுந்தாள். கருவிப் பையிலிருந்து எடுத்து மடியில் ஒளித்து வைத்திருந்த ரசமட்டத்தை மேசையில், மெழுகுவர்த்திகளுக்கு அருகில் வைத்தாள். கோப்பைகள் ஒன்றோடொன்று தட்டின. கொட்வின் அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று அவன் கண்கள் கெஞ்சின. அவன் அவளை மிரட்டியிருந்தால் ஒருவேளை அவள் பேசாமலே இருந்திருப்பாள்.

"பிள்ளையின்ர தலை சாயுது," என்றாள்.

கொட்வின் தன் உள்ளங்கையை அன்னாவின் தாடையில் இன்னும் இறுக்கினான்.

"கேக்குதே? என்ர பிள்ளையின்ர தலை சாயுது. பாம்புகளின்ர தலை எல்லாம் சாயுது. உங்கட தலை சாயுது, இஞ்சருங்கோ. றெஜி அண்ணை, உங்கட தலையும். இந்தத் தம்பியின்ர தலையும். எல்லாரும் பாத்துக்கொண்டிருந்தும் ஒருத்தரும் சொல்லேல்லை. நான் சொல்லுறன். தலை. தலை. தலை."

மெழுகுவர்த்தி ஒன்று பொரிந்தது. கீழே, தரைக்கு அடியில், பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல வழுக்கித் திறக்கும் ஓசை.

முதலில் றெஜினோல்ட் மூச்சு விட்டார். பாரம் சுமந்து வந்தவர் அதைத் திண்டில் இறக்கிவைத்துவிட்டு விடும் நீண்ட மூச்சு. அவருடைய கழுத்தின் இறுகிய தசைகள் தளர்ந்தன. தலை வலப்புறம் சாய்ந்தது. தோளைத் தொட்டது. அங்கே நிற்கவில்லை.

"அப்பாடா," என்றார். குரல் தலைகீழான வாயிலிருந்து வந்தது.

சந்திரமௌலி கண்ணாடியைக் கழற்றிக் கவனமாக மடித்து மேசையில் வைத்தான். பிறகு அவனும் விட்டான்.

கொட்வின் சிரித்தான். திருமணநாளுக்குப் பிறகு அவள் பார்த்திராத சிரிப்பு அது. ஒளிவில்லாதது, நன்றி நிறைந்தது. அந்தச் சிரிப்பு மெல்ல மெல்லத் திரும்பியது. உதடுகள் மேலே போயின. கண்கள் கீழே வந்தன. "நல்லவேளை சொன்னீர், நேசம்," என்றான். "எவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடிச்சுக்கொண்டிருந்தனாங்கள். நீர் பயப்பிடுவீர் எண்டுதான்."

அவன் உள்ளங்கையை அன்னாவின் தாடையிலிருந்து எடுத்தான். அன்னா திரும்பினாள். உச்சி கீழே. தாடை மேலே. நீர்த்த நீலமாக அவள் கண்கள். எப்போதிருந்து நீலம்? அவள் சிரித்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, சத்தமாக, வாய்விட்டு.

நேசமலர் ரசமட்டத்தைப் பார்த்தாள். குமிழி நடுவில் நின்றது. அசையாமல், சரியாக, இரண்டு கோடுகளுக்கும் நடுவில்.

அவளுக்கு அது சாய்ந்து தெரிந்தது.

"நீரும் விடும்," என்றான் கொட்வின், அன்பாக.

வலி. காதிலிருந்து தோள்வரை. இத்தனை நாளும். பாலூட்டிய வலி என்று நினைத்தது. தலையணை பிழை என்று நினைத்தது. அவளுடைய வலக்கை கன்னத்தைத் தாங்கியிருந்தது. எப்போது போனது அங்கே? இடக்கையையும் கொண்டுபோனாள். இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்தாள். அது கைகளுக்குள் கனத்தது. நிதானமாக. பொறுமையாக. ஒரே பக்கமாக.

"பிள்ளைக்குப் பசிக்குது," என்றான் கொட்வின்.

அவன் மேசைக்கு மேலாக, மெழுகுவர்த்திச் சுடர்களுக்கு மேலாக அன்னாவை அவளிடம் நீட்டினான். அன்னா தாயிடம் போகக் கைகளை விரித்தாள். கொட்வின் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தத் தொடங்கினான். குழந்தை நழுவியது.

வாங்குவதற்கு நேசமலருக்கு அந்த இரண்டு கைகள் மட்டுமே இருந்தன.